ஏழாவது ஊரின் விளக்கு

ஏழாவது ஊரிலும் மேடையில் பேட்டரி குத்துவிளக்கைத்தான் வைத்திருந்தார்கள். அறிவியலையும் நம்பிக்கையையும் பற்றிய என் புத்தகத்துக்காக வெளிநாட்டில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தேன். "மண்டபத்துல நெருப்பு கூடாது மேடம். பொத்தானை அழுத்துங்க, ஆரம்பிச்சிடலாம்" என்றார் தமிழ்ச் சங்கச் செயலாளர் இளம்பரிதி. ஆறு ஊர்களில் அழுத்தியாயிற்று. "அழுத்தினா எரியும்னுதான் எல்லாருக்கும் தெரியுமே. அப்புறம் நம்புறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, வாசலில் அழகுக்கு நின்ற பித்தளை விளக்கைத் தூக்கிக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் இட்லிப் பொடிக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை அதில் ஊற்றினேன். கைக்குட்டையைக் கிழித்துத் திரியாக்கினேன். சமையல்காரரிடம் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு, பனிக்காற்று வீசும் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே வந்தது. நான்கு குச்சிகளைக் காற்று அணைத்தது. பெட்டியில் ஒன்றுதான் மிச்சம். "போதும் மேடம், உள்ள போயிடலாம். எல்லாரும் பார்க்குறாங்க" என்று இளம்பரிதி கெஞ்சினார். "பார்க்கட்டும்" என்றேன். விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்தேன். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "முருகா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக் குச்சியை உரசினேன்.