அக்கரைப் பாடம்

வாய்க்காலில் வெள்ளம் வந்துவிட்டதால் கீரி வாத்தியார் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார். இக்கரையில் அவருடைய மாணவர்கள் இரண்டு பேர்: சுள்ளி, அவள் தம்பி வாலன். அவர்கள் வளைக்கு அடுத்த புற்றில் ஒரு நல்லபாம்பு குடியிருந்தது. அதனால் பாடத்தை நிறுத்த முடியவில்லை. வாத்தியார் அங்கிருந்தே கத்தி நடத்தினார்.

“கேக்குதா?”

“கேக்குது சார்!”

காற்று அடித்தால் பாதிச் சொல் தண்ணீரிலேயே விழுந்துவிடும். மீதியை வைத்துக்கொண்டு இருவரும் பயிற்சி செய்தார்கள்.

“பாம்பு சீறினா?”

“பின்னால துள்ளணும் சார்!” வாலன்தான் முதலில் கத்துவான்.

“தலையை இறக்கினா?”

“பாஞ்சு கழுத்தைக் கவ்வணும் சார்!”

“மெதுவாடா, பாம்புக்கும் பாடம் புரிஞ்சிடப் போகுது” என்பாள் சுள்ளி.

வாத்தியார் பரீட்சை வைத்தார். வாலன் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னான். “நீ தேறிட்டே” என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது.

வெள்ளம் வடிந்து வாத்தியார் இக்கரைக்கு வந்தபோது சுள்ளி மட்டும்தான் இருந்தாள். முந்தின நாள் வாலனைப் பாம்பு கொத்திவிட்டது.

“ஒண்ணுகூட விடாம ஒப்பிச்சானே! எதுல தப்பு பண்ணான்?”

“தெரியலை சார். நீங்க சொன்னபடிதான் செஞ்சான். பின்னால துள்ளினான். அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் பாஞ்சான்.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

“தினமும் அப்படித்தானே சார் பாய்வோம். நானும் அப்படித்தான்” என்றாள் சுள்ளி. “அது தப்பா சார்?”