சுவருக்கு அந்தப் பக்கம்

பக்கத்து வீட்டிலிருந்து தட்டியதில் சுவர் தடதடவென்று அதிர்ந்தது; இரண்டு வாரமாகவே இப்படித்தான். சுவரோரம் மதியத் தூக்கத்திலிருந்த நாலு வயது இதழினி திடுக்கிட்டுப் புரண்டு, மறுபடி குறட்டை விட்டாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அம்மா சங்கரி கூசிப்போய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஜெபராணி பகலில்தான் தூங்குவாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. புள்ளைக்குத் தொண்டையில டான்சிலும், மூக்குக்குப் பின்னால அடினாய்டு சதையும் வீங்கியிருக்கு, அதான் குறட்டை. ஆபரேசனா, மூக்குல மருந்தடிச்சுப் பாக்கறதான்னு டாக்டர் எங்களையே முடிவு பண்ணச் சொன்னார். பச்சப்புள்ளைக்குக் கத்தி வைக்க மனசு வரல. மருந்துலயே குறட்டை கொறைஞ்சிருக்கு."

"கொறையல சங்கரி, மூச்சே நின்னு நின்னு வருது. மெஷின் சத்தத்துல உனக்குக் கேக்காது. குறட்டைக்காகவா தட்டுறேன்? சத்தம் நின்னதும் பத்து எண்ணுவேன். அப்பவும் வரலைன்னாதான் தட்டுவேன். புள்ள புரண்டா மூச்சு வந்துடும். உனக்கே தெரியும்னுல்ல நெனச்சேன்!"

சங்கரி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஆபரேசனுக்கே தேதி கேளுங்க."

"திடீர்னு என்னாச்சு? யார் சொன்னா?"

"நாம கரிச்சுக்கொட்டினோமே, அந்த அக்கா. நம்ம புள்ள மூச்சை எண்ணிக்கிட்டு ரெண்டு வாரமா தூங்காம கெடந்திருக்காங்க."