தொட்டியில் கட்டிய ஏடு

“ஆறாவது தடவையா வந்திருக்கேம்மா. இன்னொரு தடவை இந்த ஏடு கட்டுச்சுன்னா நான் தொழிலையே விட்டுடறேன்” என்றார் மீன் தொட்டி கழுவ வந்த தொட்டிக்காரர், வாளியைக் கீழே வைத்தபடி.

“நீங்க ஏன் தொழிலை விடணும்? நான் தொட்டியை விட்டுடறேன். நாளைக்குக் காலையில பொண்ணு வண்டி அனுப்பறா. அவளுக்குத் தெரிஞ்சவங்க யாரோ வாங்கிக்கறாங்களாம்.”

நூலகத்தில் வேலை முடிந்து அவள் அப்போதுதான் வந்திருந்தாள். கைப்பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. படுத்தபடியே பார்க்கட்டும் என்று, அவர் ஆசையாகப் பராமரித்த உப்புநீர் மீன் தொட்டியை அவருடைய வலப்பக்கத்தில் கட்டிலோடு ஒட்டி வைத்திருந்தாள். மேலிருந்தும் தெரியட்டும் என்று மூடியையும் எடுத்துவிட்டாள். தொட்டியின் விளிம்பும் மெத்தையும் ஒரே உயரம்.

தண்ணீரின் மேல், ஆறிய பாலில் படிவது போல ஏடு கட்டியிருந்தது. அதன் அடியில் ஓர் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

“மேனேஜரைப் பாருங்க, மூச்சுக்குத் தவிக்கறார்” என்றாள்.

மீனுக்கு அந்தப் பெயரை வைத்தது கணவர்தான். ஓய்வு பெற்ற பிறகு தன்னை அதிகாரம் பண்ண ஆள் இல்லாமல் போரடிக்கிறது என்பார். படுக்கையில் விழும்வரை தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீரில் விரலை விடுவார். மேனேஜர் வந்து ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காரும்.

“ஏடு மூடிட்டா காத்து எப்படி உள்ளே இறங்கும்?” என்றார் தொட்டிக்காரர். “பம்ப் முனையை மேல் பக்கமாத் திருப்பி அலை எழுப்பியாச்சு. தண்ணி வழியற சல்லடையைத் தேய்ச்சுக் கழுவியாச்சு. மூணு வாரமா என்ன பண்ணியும் போக மாட்டேங்குது. காலையில எப்படி இருந்துச்சு?”

“கண்ணாடி மாதிரி. பத்து மணிக்கு நான் கிளம்பறப்பகூட சுத்தமா இருந்துச்சு. ரெண்டு மணிக்கு வந்து பார்த்தா இந்தக் கோலம்.”

“நடுவுல யாராவது வர்றாங்களா?”

“யாரும் இல்லை. அவரும் மேனேஜரும்தான்.”

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“நான் உள்ளே நுழைஞ்சா போதும், இடது கையால தொட்டியைக் காட்டிக் காட்டி ஒரே சத்தம். என் தொட்டியை இப்படிப் பாழாக்கிட்டியேன்னு கோபம். வலது கை இனிமே அவ்வளவுதான்னு டாக்டரும் கைவிரிச்சுட்டார். பார்க்கறது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம். அதுவும் செத்து மிதக்கற மீனா இருக்க வேண்டாம். அதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு கொடுக்கறேன்.”

கட்டிலிலிருந்து முனகல் கேட்டது. கணவரின் இடது கை உயர்ந்து, மார்புக்குக் குறுக்கே தொட்டியைக் காட்டியது.

“பார்த்தீங்களா? ஆரம்பிச்சுட்டார்.”

தொட்டிக்காரர் ஒரு தாளை எடுத்துத் தண்ணீரின் மேல் மெல்லப் பரப்பினார். ஏடு ஒட்டிக்கொண்டதும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். வழக்கமாக அதை அப்படியே வாளியில் போட்டுவிடுவார். இன்று என்ன தோன்றியதோ, மூக்கருகே கொண்டுபோனார்.

“அம்மா, இது தீவனத்துல வர்ற எண்ணெய் இல்லை. தைலம்.”

“தைலமா?”

“தைலம் தேய்ச்ச கையோட நீங்க தீவனம் போடறீங்க. அதான் விஷயம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “என்ன பேசறீங்க? தீவனத்தைக் கரண்டியிலதான் போடறேன். தைலம் தேய்க்கறப்பவும் கையில உறை போட்டுக்குவேன், அது என் உடம்புக்கு ஆகாது. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவரோட வலது கைக்கு மட்டும் தேய்ப்பேன். தேய்ச்சு என்ன பிரயோஜனம்? மூணு வாரமா அந்தத் தோல் ஒரேயடியா வறண்டு போகுது. சாயங்காலம் உடம்பு துடைக்கறப்ப பார்த்தா மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாப் பூத்திருக்கு. ஈரத்துணியால துடைச்சா போகுது, மறுநாள் திரும்ப வருது. அதனாலதான் இப்பல்லாம் ரெண்டு பங்கு தேய்க்கறேன்.”

தாளைப் பிடித்திருந்த தொட்டிக்காரரின் கை அப்படியே நின்றது.

அவர் சட்டென்று தன் முன்கையைப் பார்த்தார். காலையில் வேறொரு வீட்டில் தொட்டி கழுவிய கை. காய்ந்துபோய், மயிர்க்கால்களில் வெள்ளை படிந்திருந்தது. இருபது வருடமாகத் தினமும் படிவதுதான்.

கட்டிலருகே போய் மண்டியிட்டார். அசையாமல் கிடந்த அந்த வலது கையின் பக்கத்தில் தன் கையை வைத்தார். அதே வெள்ளை.

“அம்மா, இங்க கொஞ்சம் வாங்க. தோல் வறண்டா இப்படி இருக்காது.”

கணவரின் முனகல் நின்றிருந்தது. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன, கண்ணீர் காதோரம் வழிந்தது.

அவள் குனிந்து, அந்த மணிக்கட்டின் வெள்ளையை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்புக் கரித்தது. டாக்டர் கைவிரித்த அந்தக் கை, மூன்று வாரமாக நாள் தவறாமல் மேனேஜரைப் பார்க்கப் போய் வந்துகொண்டிருக்கிறது.