கோம்பை நாய்க்கு மனசு சரியில்லை

"மனுசனுக்கு வைத்தியம் பாக்கக் கூட்டியாந்த ஆளு, நாய்க்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்காரு. இதுக்கு என்ன சொல்றீக?"

கோம்பை மேற்குத் தெரு பொதுநலச் சங்கக் கூட்டத்தில் முத்துக்கருப்பன் எழுந்து நின்று கேட்டார். எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார் மனோதத்துவ டாக்டர் சுந்தர்ராஜ்.

உத்தமபாளையத்தில் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. கம்பத்தில் கடைவீதி இருக்கிறது. கோம்பையில் என்ன இருக்கிறது? நாய்தான் இருக்கிறது. இந்த வயிற்றெரிச்சலில், சுற்றுவட்டாரத்தில் எவனிடமும் இல்லாத ஒன்று நம்மிடம் வேண்டும் என்று சங்கம் பேப்பரில் விளம்பரம் கொடுத்தது. 'பொதுநலத்துக்கு உழைக்கும் மனோதத்துவ நிபுணர் தேவை.'

மனுப் போட்டவர் ஒரே ஒருவர், மைசூரில் படித்த சுந்தர்ராஜ். அவரையே தீவிரமாகப் பரிசீலித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

வந்த புதிதில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அந்த வாசலை மிதித்தால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும். அப்புறம் அந்த வீட்டில் எவன் பெண் எடுப்பான்? பிறகு யாரோ ஒருவர் தன் நாயைப் பிடித்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து கூட்டம் தாங்கவில்லை.

"சன்னல் வழியா நானே பாத்தேன்" என்றார் முத்துக்கருப்பன். "இவரு மேஜை மேல ஏறிச் சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. அம்புட்டுத் திமிரு. கீழ நம்ம சோணையம்மா, நாயோட. அந்த நாய்க்கு மருமக மேல கோவமாம், பேச்சுவார்த்தையே இல்லையாம். நாய்க்கு எங்கிட்டுய்யா மருமக?"

சோணையம்மாளின் புருஷன் சங்கத்தில் மெம்பர். அவர் கூரை ஓட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவாசி நாயி, பர்மாச் சண்டைக்குப் போன மகனை நெனச்சுச் சோறு திங்க மாட்டேங்குதாம். ஷேக் மைதீன் பாய் நாய் வளக்குறதில்ல, அதனால ஆட்டைப் புடிச்சுக்கிட்டு வந்திருக்காரு. தம்பிகூடச் சேந்து கடை வைக்கவா வேணாமான்னு ஆட்டுக்கு ஒரே கொழப்பமாம்."

அம்மாவாசி தொண்டையைச் செருமினார். ஷேக் மைதீன் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

தலைவர் கருத்தக்கண்ணன் கேட்டார்: "டாக்டரே, இதுவரைக்கும் எத்தனை மனுசருக்குப் பாத்திருக்கீக?"

சுந்தர்ராஜ் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். நடந்ததைச் சொன்னால் வேலை நிலைக்கும், ஆனால் நாயைச் சாக்கு வைத்து வந்தவர்களின் மானம் போகும். வேலை போனால் மதுரையில் மாமனார் வீட்டில் போய்த்தான் உட்கார வேண்டும். 'நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை' என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய மாமனார்.

"மனுஷங்க ஒருத்தரும் வரலைங்க. நாய்களுக்குத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு ஆடு."

"அப்ப, இவரை அனுப்பிரலாங்கிறவக கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் தூக்கப்பட்டது. தூக்காவிட்டால், 'உனக்கு மட்டும் என்னப்பா இம்புட்டு அக்கறை?' என்று எவனாவது கேட்டுவிடுவானே. தலைவரின் கை கடைசியாகப் பாதி உயரம் போய் நின்றது.

மறுநாள் காலை டாக்டர் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். யுத்த காலத்துக் கரி பஸ். கிளீனர் பின்னால் நின்று கரியடுப்பைப் புகைய வைத்து வண்டியைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்குள் ஜன்னலோரம் ஊரே கூடிவிட்டது. ஆளுக்கொரு நாய்.

"எங்களுக்கு ஒண்ணுமில்லைய்யா" என்றாள் சோணையம்மாள். "நாய்தான் உங்களைப் பாக்கணும்னு ஒரே அழுகை." சொல்லிவிட்டு முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்துக்கருப்பன் வந்தார். அவர் வீட்டில் நாயும் கிடையாது, ஆடும் கிடையாது. கக்கத்தில் ஒரு கோழியை இடுக்கியிருந்தார்.

"இதுக்கு நேத்திலருந்து மனசு சரியில்ல" என்றார், டாக்டரின் முகத்தைப் பார்க்காமல். "வீட்ல பொம்பளைக வெவரத்தைச் சொல்லவும்தான் இதுக்குப் புரிஞ்சிருக்கு. ஒரு நல்ல மனுசரு பொழப்பைக் கெடுத்துட்டோமேன்னு இரையே எடுக்கல."

சுந்தர்ராஜ் ஜன்னல் வழியாகக் குனிந்து கோழியிடம் சொன்னார்: "தெரியாமச் செஞ்சதுதானே. அதை விட்டுட்டு வயிறாரச் சாப்பிடு."

"சரிங்க" என்றார் முத்துக்கருப்பன்.

தலைவர் கருத்தக்கண்ணன் பஸ்ஸுக்குள் ஏறி, பெட்டியைத் தன் கையாலேயே தூக்கினார்.

"நேத்து மனோதத்துவ டாக்டரத்தான வேணாம்னோம். இப்ப சங்கத்துல நாய் டாக்டர் வேலை ஒண்ணு காலியா இருக்கு. பொதுநலத்துக்கு ஒழைக்கிற ஆளாத் தேடுறோம். சேந்துக்கிறீகளா?"

சுந்தர்ராஜ் எழுந்து படி வரைக்கும் வந்தார். கீழே வாலை ஆட்டிக்கொண்டு நின்ற நாய்களைப் பார்த்ததும், ஒரு படி பின்னால் ஏறிக்கொண்டார்.

"சேர ஆசைதாங்க. ஆனா ஒரு உண்மையைச் சொல்லிடணும். சின்ன வயசுலருந்தே எனக்கு நாய்னா..."

"தெரியும்" என்று தலைவர் அவர் காதோரம் குனிந்து சொன்னார். "நீங்க மேஜை மேல ஏறி உக்காந்தது திமிருல இல்ல, பயத்துலன்னு, மொத மொதல்ல உங்ககிட்ட வந்த எங்க வீட்டு நாய் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருச்சு."