தெருவுக்குக் கேட்கும்படி

அமராவதிபுதூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே உடையப்பனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் தங்கச்சி வள்ளிக்கண்ணு பெற்ற பிள்ளையை மாமியார் ராமுத்தாய் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறாளாம். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும்தான் காட்டுகிறாளாம். அதுவும் பக்கத்திலேயே காவல்காரி மாதிரி உட்கார்ந்துகொண்டு.

"ரூம்புக் கதவுல உள்தாழ்ப்பாளைக்கூடக் கழட்டிப்புட்டா தம்பி. கேக்க ஆளில்லேன்னுதான" என்றாள் கடைவாசலில் நின்ற ஒருத்தி.

தாயில்லாப் பெண். அதனால்தான் தலைப்பிரசவமே புருஷன் வீட்டில் நடந்தது. புருஷன் மாயக்கண்ணன், திருச்சியில் புதிதாகக் கட்டுகிற ஃபாக்டரிக் காலனியில் தச்சுவேலை பார்க்கிறான். எப்போதாவது வருவான். காரைக்குடியில் நகைப்பட்டறையே கதி என்று இருந்துவிட்டோமே என்று உடையப்பனுக்கு உறுத்தியது. இன்றைக்குத் தாயையும் பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று நடந்தான்.

ராமுத்தாய் வாசல்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாப்பா என்றாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளையைத் தாய்க்கிட்டக் குடுங்க அத்தை."

"அவளுக்கு வளக்கத் தெரியாது. நான் வளத்துக்கிறேன்" என்றாள். எதிர்வீடுகளில் தலைகள் தெரிந்தன. அவள் குரலைக் குறைப்பதாயில்லை.

உள்ளே வள்ளிக்கண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை சீவி, சுத்தமாகத்தான் இருந்தாள். பக்கத்தில் பாதி குடித்த கஞ்சி. துணிமணியை எடு, பிள்ளையை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றான்.

அவள் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டக் குடுக்கச் சொல்லாதண்ணே. பிள்ளையைத் தூக்குனா, கிணத்துல போடு போடுன்னு மனசு சொல்லுது. போட்டாலும் போட்டுருவேன்."

ராமுத்தாய் பிள்ளையோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இப்போது அவள் பேசியது அந்த அறைக்கு மட்டும்தான் கேட்டது. லேடி டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தாயிற்றாம். பெற்ற உடம்பு சிலருக்கு இப்படி மனசைப் புரட்டிவிடுமாம். அவள் குற்றமில்லை, மருந்தும் தூக்கமும் இருந்தால் தெளிந்துவிடும், அதுவரை பிள்ளையோடு தனியாக விடவேண்டாம் என்றாராம்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை."

"ஒம் பொண்டாட்டி இந்தத் தெருக்காரிதானப்பா. அவ காதுக்குப் போனா தெருவுக்கே போயிருமே."

இம்புட்டுக் கெட்ட பேரை ஏன் சுமக்கிறீக என்று கேட்டான்.

"விசயம் தெரிஞ்சா பேய் புடிச்சிருக்குன்னுவாக. போன வருசம் கோட்டைச்சாமி பொண்டாட்டியக் கோடாங்கிகிட்ட விட்டு வேப்பங்குழையால அடிச்சாகளே, கையக் கால அமுக்கிப் பிடிச்சது இதே தெருதான். மாமியா கொடுமைன்னா பேசுவாக, ஒருத்தரும் வீட்டுக்குள்ள வரமாட்டாக."

பிள்ளை கொட்டாவி விட்டது. வள்ளிக்கண்ணு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நீ சத்தமில்லாமப் போனா சந்தேகப்படுவாக" என்றாள் ராமுத்தாய். "போறப்ப நாலு வார்த்தை என்னைய ஏசிட்டுப் போ."

உடையப்பன் வாசலுக்கு வந்தான். தெரு காத்திருந்தது.

"நீங்கள்லாம் ஒரு பொம்பளையா?" என்று ஆரம்பித்தான். அதற்குமேல் அவனுக்கு ஏச வரவில்லை.

ராமுத்தாய்தான் பின்னாலேயே வந்து, அவன் விட்ட இடத்திலிருந்து அவனைக் கண்டபடி ஏசித் தெருவை நம்பவைத்தாள்.