அண்டை நாட்டுச் சகோதரி

சுமியை உரக்கொட்டகைக்குள் தள்ளி, மலர் கதவைப் பூட்டினாள்.

"ஒரே மெஷின்ல கூட வேலை செஞ்ச பிள்ளைய இப்படியா பண்ணுவ?" என்று கூட வேலை செய்யும் மணியம்மா கேட்டாள். மலர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆசியான் நாடுகளின் கூட்டத்துக்கு வந்த விருந்தாளிகள் அன்று தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். கொட்டகைக்கு முன்னால் பந்தல், அண்டை நாட்டுக் கொடிகள், காலையிலிருந்தே அலறும் ஒலிபெருக்கி. அந்த நாடுகளிலிருந்து வந்து கொழுந்து வெட்டுகிறவர்களை மட்டும் விடிந்ததும் லோரியில் ஏற்றி, கோலா தெர்லா பக்கம் அனுப்பியாகிவிட்டது. வேலை பெர்மிட் இல்லாத முகம் படத்தில் விழுந்தால் வம்பாம்.

சுமி லோரியில் ஏற மறுத்துவிட்டாள். தன் நாடான இந்தோனேசியாவிலிருந்து ஓர் அதிகாரியம்மா வருவது அவளுக்குத் தெரியும். அவளுடைய பாஸ்போர்ட், வேலைக்குக் கூட்டி வந்த ஏஜெண்டு கையில். ஊரில் அம்மா சாகக் கிடக்கிறாள். அந்த அதிகாரியின் காதில் ஒரு வார்த்தை போட்டால் ஊர் போய்ச் சேரலாம் என்று நம்பினாள், பாவம்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எட்ரியன் சுமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மலரிடம் சொல்லியிருந்தார்: "இவ தலைய வெளிய காட்டினா, நீங்க லயத்து வீட்டக் காலி பண்ண வேண்டியதுதான் லா. உங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கெடக்கிறதையெல்லாம் பெரிய துரை பாக்க மாட்டாரு."

சுமிக்குத் தமிழ் புரியும். இருவர் பிடித்துக் கொழுந்து வெட்டும் மெஷினின் மறுமுனையைப் பிடித்தபடி மலரிடமே கற்றுக்கொண்டது.

"நீ வர வேணாம் சுமி," என்றாள் மலர். "நானே அந்தம்மாகிட்ட சொல்றேன். எனக்கு மலாய் வராதா? சத்தியமா சொல்றேன்."

அதற்குப் பிறகுதான் பூட்டியது.

விருந்தாளிகள் வந்தார்கள். மலரும் மற்றத் தமிழ்ப் பெண்களும் புதுச் சேலை கட்டி, எப்போதோ தூக்கிப் போட்ட கூடைகளை முதுகில் மாட்டி, கையால் கொழுந்து கிள்ளிக் காட்டினார்கள். மெஷின் படத்துக்கு அழகில்லையாம்.

அதிகாரியம்மா தேநீர் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார். நம் நாடுகளெல்லாம் ஒரே குடும்பம் என்றார். கை தட்டினார்கள். பிறகு மலரின் தோளில் கைபோட்டு, எங்கள் நாட்டுப் பிள்ளைகள் யாராவது இங்கே வேலை செய்கிறார்களா என்று மலாயில் கேட்டார். ஒப்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். மைக்கை மலரின் வாய்க்கருகே நீட்டினார்.

சுமியின் பெயர் மலரின் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே கிராணி நின்றார்.

"யாரும் இல்ல, புவான்," என்றாள் மலர் மரியாதையாக.

கார்கள் பிரிஞ்சாங் பக்கம் இறங்கியதும் மலர் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். சுமியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"சொல்லிட்டேன் சுமி. பாக்கறேன்னு சொன்னாங்க."

சுமி மலரின் முதுகிலிருந்த கூடையை மெல்லக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"மைக்ல எல்லாம் கேட்டுச்சு அக்கா. கதவத் தட்டிக் கத்தலாம்னு கையத் தூக்கிட்டேன். படுத்துக் கெடக்கிற அண்ணனுக்கு வீடு போயிடுமேன்னு சும்மா இருந்துட்டேன்."