மாவுக்கட்டு

“தகடு வெச்சுடுங்க டாக்டரம்மா. எவ்ளோ ஆனாலும் பரவால்ல” என்றார் பச்சைமுத்து.

“வேணாம்மா. மாவுக்கட்டு போதும்” என்றாள் அவர் மனைவி பொன்னி.

இருவருக்கும் நடுவில், மேசைமேல் கறுப்புக் கிடா படுத்திருந்தது. பின்னங்கால் ஒன்று பாதியில் மடங்கித் தொங்கியது. ரோட்டில் ஏதோ வண்டி மோதிவிட்டது என்று பச்சைமுத்து சொல்லியிருந்தார்.

கலைப்பிரியா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திண்டிவனத்தில் அவள் கிளினிக் திறந்ததிலிருந்து, ஆட்டின் காலுக்கு ஆபரேஷன் கேட்டு வந்த முதல் விவசாயி இவர்தான்.

“மாவுக்கட்டு போட்டாலும் எலும்பு கூடிடும்மா. ஆனா கோணலாத்தான் கூடும். ஆயுசுக்கும் நொண்டும்.”

“நொண்டினா நொண்டட்டும். ஆட்டுக்குப் போயி யாருனா இவ்ளோ செலவு பண்ணுவாங்களா?”

அதைச் சொன்னபோது பொன்னி ஆட்டைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

கலைப்பிரியாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை.

காலையில்தான் ஒருவர் வயிறு வீங்கிய நாயைக் காரில் கொண்டுவந்தார். காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிட்டதாம். சொந்தப் பணத்தைப் போட்டு வைத்தியம் பார்க்க மனமில்லை. ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னார். அவர் பேசி முடிக்கும்வரை நாய் அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. கலைப்பிரியா மறுத்துவிட்டாள். அவர் நாயை இழுத்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருந்தது.

“ஆட்டுக்கு இன்சூரன்ஸ் பண்ணலையா? காதுல வில்லை இல்லையே?” என்று கேட்டாள்.

“கேம்ப்ல வந்து கேட்டாங்க. நான்தான் காதுல ஓட்டை போட விடல” என்றார் பச்சைமுத்து.

ஆட்டின் காதில் ஒரு துளை விழுவதைக்கூடப் பொறுக்காத மனிதர்! கலைப்பிரியா நெகிழ்ந்துபோனாள். தகடுக்கும் மருந்துக்கும் மட்டும் கொடுத்தால் போதும், தனக்கு எதுவும் வேண்டாம் என்றாள்.

அவர் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது.

“ஆடிக்குள்ள நேரா நடந்துடுமாங்க?”

“நடந்துடும். ஆடியில என்ன?”

“முனீஸ்வரனுக்கு நேந்துவிட்ட கிடாங்க. போன வருஷம் பொண்ணு டெங்கு வந்து விழுப்புரத்துல பேச்சு மூச்சில்லாம கெடந்தா. கண்ணைத் தொறந்தா இதை வெட்டறேன்னு வேண்டிக்கினேன். தொறந்துட்டா. ஊனமான ஆட்டை சாமிக்குக் குடுக்கக் கூடாதுங்க.”

கலைப்பிரியா மருந்துச் சீட்டை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு அவர் எதிரிலிருந்த மருந்துக்கடைக்கு ஓடினார்.

கதவு மூடியதும் பொன்னி சுவரிலிருந்து திரும்பினாள்.

குனிந்து ஆட்டின் கழுத்தில் முகத்தை வைத்தாள். ஆடு அவள் விரலைத் தேடிப் பிடித்து, குட்டியைப்போலச் சப்பியது.

“பொறந்த அன்னிக்கே தாயி செத்துடுச்சிம்மா. நான்தான் பாட்டில்ல பால் குடுத்து வளத்தேன். பொண்ணு இது மேல கை போட்டுக்கினுதான் தூங்கும்.”

கலைப்பிரியா முறிந்த இடத்தைச் சுற்றி மெல்லத் தடவிப் பார்த்தாள். வீக்கம் இருந்தது. தோல் உரியவில்லை. ரோட்டில் உருண்ட மண்கூட ஒட்டியிருக்கவில்லை.

“வண்டி மோதினா தோல் பிஞ்சிருக்குமேம்மா.”

பொன்னி தலையைத் தூக்கவில்லை.

“வண்டி இல்லீங்கம்மா. நான்தான். உலக்கையால.”

வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். அவள் ஆட்டின் காதைத் தடவிக்கொடுத்தாள்.

“கத்தவேயில்ல. அடிச்சது நான்னு தெரிஞ்சும் என்னையே பாத்துக்கினு இருந்துச்சி.”

செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. பச்சைமுத்து மருந்துப் பையோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

கலைப்பிரியா எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தாள். சுத்தமான முறிவு. தகடு வைத்தால் அழகாகக் கூடும் எலும்பு.

அதை உறைக்குள் போட்டாள்.

“எலும்பு உள்ளுக்குள்ள நொறுங்கியிருக்குங்க. தகடு நிக்காது. மாவுக்கட்டுதான் போட முடியும்.”

அவர் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். பிறகு முனீஸ்வரன் கோயில் இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

கட்டுப் போடும்போது ஆடு உதறியது. பச்சைமுத்துதான் அதன் தலையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மாவு காயும்வரை அவர் கையை எடுக்கவேயில்லை. பொன்னி பக்கத்தில் நின்று அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“சாமிக்கு வேற கிடா வாங்கி நேந்து விட்டுடறேன்” என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

பிறகு கலைப்பிரியாவை நிமிர்ந்து பார்த்தார்.

“அதுவரைக்கும் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது இல்லீங்களா, டாக்டரம்மா?”

ஆட்டின் முதுகில் பொன்னியின் கை நின்றுவிட்டது.